ஒன்பது மணி ஐம்பத்தைந்து நிமிடம்

சிங்கப்பூரிலிருந்து திருவனந்தபுரத்துக்கு ஆகாய வழியாக இரண்டாயிரத்து நூற்றுத் தொண்ணூற்று மூன்று மைல். சென்னை வரை ஆயிரத்து எண்ணூற்று எட்டு, அங்கிருந்து முந்நூற்று எண்பத்தைந்து. பறக்கும் நேரம் ஒன்பது மணி ஐம்பத்தைந்து நிமிடம். இதை நீங்கள் வேறு யாரிடமும் விசாரிக்க வேண்டாம். ஒரு விமானக் கம்பெனியின் சிங்கப்பூர் அலுவலகத்தில் ஊருக்கும் ஊருக்கும் உள்ள தூரத்தை அளந்து, விமானத்தின் வேகத்தால் வகுத்து, காற்றுக்காகக் கொஞ்சம் கூட்டிக் கழித்து அட்டவணை போடுவதுதான் எனக்கு வேலை. ஆறு வருஷத்தில் ஒரு நிமிடம் பிசகியதாக என்மேல் புகார் வந்ததில்லை. அந்தக் கர்வம் எனக்கு நிறையவே இருந்தது.

அட்டவணையில் ஒரு குறை உண்டு. விமானம் பறக்கும் நேரம் மட்டும்தான் அதில் வரும். தரையில் நிற்கும் நேரம் வராது.

என் அப்பா யோவான் மேஸ்திரியும் தூரத்தை வைத்துப் பிழைத்தவர்தான். நெய்யாற்றின்கரையிலிருந்து களியக்காவிளை வரை நெடுஞ்சாலை மைல்கற்களுக்கு வெள்ளையடித்து, கறுப்பில் ஊர்ப்பெயரும் எண்ணும் எழுதியது அவர் கை. ஒரு முகத்தில் தமிழ், மறு முகத்தில் மலையாளம். கடைசி இரண்டு வருஷமாக இரண்டு கண்ணிலும் திரை விழுந்துவிட்டது. பாறசாலை வீட்டில் அவரோடு இருந்தது சபைப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாக இருக்கும் என் அக்கா ஞானம்மாள். அப்பா சொல்லச் சொல்ல அக்கா எழுதும் கடிதங்களில் எப்போதும் ஒரே கேள்வி இருக்கும்: அங்கேயிருந்து இங்கே வர எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்? நானும் சலிக்காமல் மைலையும் மணியையும் எழுதுவேன். அப்பா அதை மனப்பாடம் செய்து, வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் ஒப்பிப்பார் என்று அக்கா எழுதியிருந்தாள்.

எல்லைக் கிளர்ச்சி நடந்த வருஷம் அது. எங்கள் தாலுகாக்கள் மலையாளத்தோடு இருப்பதா, தமிழ்நாட்டோடு சேர்வதா என்று ஊரே இரண்டுபட்டுக் கிடந்தது. சனிக்கிழமை அக்காவின் தந்தி வந்தது: அப்பாவுக்குக் கடுமை, உடனே புறப்படு. நானும் பதில் தந்தி கொடுத்தேன்: செவ்வாய் பகல் பதினொன்றுக்குத் திருவனந்தபுரம், மகன்.

திங்கட்கிழமை விமானத்தில் என் பக்கத்தில் தேவகோட்டைப் பெரியவர் ஒருவர் உட்கார்ந்தார். கம்பெனி கொடுத்த ரொட்டியைப் பிரித்து, நடுவில் மாமிசம் இருப்பதைப் பார்த்ததும் அப்படியே மூடி என் தட்டில் வைத்துவிட்டார். தன் பையிலிருந்து சீடை எடுத்து எனக்கும் கொடுத்தார். "இப்ப நாம எங்கே இருக்கோம் தம்பி?" என்று அரைமணிக்கு ஒருதரம் கேட்பார். நான் கடிகாரத்தைப் பார்த்துச் சொல்வேன். கீழே கடலைத் தவிர ஒன்றும் இல்லை. "நீங்க சொல்றதை நம்பித்தான் இருக்கேன்" என்றார். சென்னையில் சொன்ன நேரத்துக்கு இறங்கியதும் என் முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

செவ்வாய்க்கிழமை காலை திருவனந்தபுரம் போகும் சின்ன விமானத்தில் ஏறி உட்கார்ந்தோம். ஒரு எஞ்சினின் விசிறி சுற்றியது, மற்றது சுற்றவில்லை. இறங்கச் சொன்னார்கள். உப்புமா கொடுத்தார்கள். மறுபடி ஏற்றி, மறுபடி இறக்கினார்கள். கடைசியில் நாளைக் காலை என்று சொல்லிவிட்டார்கள். பகல் பதினொன்று அடித்தபோது நான் விமான நிலைய பெஞ்சில், கையில் ஆறிப்போன காப்பியோடு இருந்தேன். சிங்கப்பூரில் இந்த மாதிரி ஆறின காப்பியைக் கொடுத்தால் கடைக்காரனைச் சும்மா விடமாட்டேன். அன்றைக்கு அதையும் குடித்தேன். தந்தி கொடுக்கப் போனால், தெற்கே கம்பி அறுந்து கிடக்கிறது, போய்ச் சேருமா என்று சொல்லமுடியாது என்றார்கள்.

புதன்கிழமை பதினொன்றுக்குச் சரியாகத் திருவனந்தபுரத்தில் இறங்கினேன். பறந்த நேரத்தை மட்டும் கூட்டிப் பார்த்தேன். ஒன்பது மணி ஐம்பத்தைந்து நிமிடம்.

பஸ் நெய்யாற்றின்கரையோடு நின்றுவிட்டது. அதற்குமேல் சாலையில் மரம் வெட்டிப் போட்டிருக்கிறார்கள், இனி நடைதான் என்று கண்டக்டர் சொன்னார். கடைகள் பாதிக்குமேல் அடைத்துக் கிடந்தன. திறந்திருந்த ஒரு சாயாக்கடையில் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் வாங்கி உட்கார்ந்தேன். எத்தனை வருஷத்துக்குப் பிறகு அந்த எரிவு! குடம்புளி நாக்கில் பட்டதும் ஊருக்கு வந்துவிட்ட சந்தோஷம்கூட வந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கடைக்காரர் பக்கத்து பெஞ்சு ஆளிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"மைல்கல்லு மேஸ்திரி நேத்து சாயங்காலம் மரிச்சுப் போனாரு, கேட்டியா? இன்னைக்கு உச்சைக்கு அடக்கம்."

"எந்த மேஸ்திரி?"

"பாறசாலை யோவான் மேஸ்திரி ஆக்கும். குடுத்து வச்ச மனுஷன். மகன் சிங்கப்பூருல இருந்து பிளேன்ல வந்து சேர்ந்துட்டான். அப்பனுக்கக் கையப் பிடிச்சிட்டு இருக்கும்பம் தான் உயிரு போச்சாம்."

என் கையைப் பார்த்தேன். மீன்கறி ஒட்டியிருந்தது. அப்பா இறந்துபோனார் என்பது முதலில் மண்டையில் ஏறவில்லை. மகன் வந்து சேர்ந்தான் என்பதுதான் ஏறியது. "எந்த மகன்?" என்று கேட்டேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அவருக்கு ஒரே ஒரு மகன்தானே உண்டு" என்றார். சுவரில் கடிகாரம் பன்னிரண்டே கால் காட்டியது.

ஓட்டமும் நடையுமாகப் போனேன். அமரவிளைப் பாலத்துக்கு அப்புறம் போலீஸ் குறுக்கே மூங்கில் கட்டி வைத்திருந்தது. மேசையில் ஒரு நீள நோட்டு, அதன் பின்னால் இளம் கான்ஸ்டபிள். அவர் பேசியது மலையாளம்; தமிழில் தருகிறேன்.

"யார்? எங்கே?"

"பாறசாலை யோவான் மேஸ்திரியின் மகன். சிங்கப்பூரிலிருந்து வருகிறேன்."

அவர் நோட்டை ஒரு பக்கம் பின்னுக்குப் புரட்டி, விரலை ஓட்டி, ஒரு வரியில் நிறுத்தினார். அப்புறம் நோட்டை என் பக்கம் திருப்பினார். மேஸ்திரி யோவானின் மகன், சிங்கப்பூர், தந்தி பார்த்தேன், செவ்வாய் பிற்பகல் இரண்டரை என்று எழுதியிருந்தது.

"நீங்கள் நேற்றே போய்விட்டீர்களே" என்றார். கிண்டல் இல்லை. அவருக்கே அது புரியவில்லை.

வெயிலில் எனக்குக் குளிரெடுத்தது. நேற்று இரண்டரைக்கு நான் சென்னையில் பெஞ்சில் கிடந்தேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும், அந்த எழுத்தைப் பார்த்தபோது ஒரு நொடி சந்தேகம் வந்தது. கணக்கில் ஏறிவிட்டதை நம்புவது என் தொழில் பழக்கம். சந்தேகம் போனதும் கோபம் வந்தது. பாஸ்போர்ட்டை எடுத்து மேசையில் போட்டேன். "நான்தான் மகன், நேற்றுப் போனவன் எவனோ கள்ளன்!" என்று கத்தினேன். அவர் பாஸ்போர்ட்டைப் பார்த்து என் பெயரையும் ஒரு வரி எழுதிக்கொண்டார். "நேற்றுப் போனவரைச் சைக்கிளில் வைத்து வீடு வரை கொண்டுபோய் விட்டவர் எங்கள் ஏட்டு, கண்ணாடிக்காரர். வந்ததும் சொல்கிறேன்" என்றார்.

அங்கிருந்து பாறசாலை வரை ஐந்து மைல் இருக்கும். இருக்கும் என்றுதான் சொல்லமுடியும், ஏனென்றால் மைல்கற்கள் பேசவில்லை. முதல் கல்லில் மலையாள எழுத்தின்மேல் தார் பூசியிருந்தது. போட்டிக்கு யாரோ தமிழ் எழுத்தின்மேலும் பூசியிருந்தார்கள். அடுத்ததில் எண்ணும் போய்விட்டது. அதற்கடுத்த கல்லைப் பிடுங்கிக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். எல்லாம் அப்பா எழுதியவை. தார் இன்னும் காயவில்லை, வெயிலில் இளகி வழிந்துகொண்டிருந்தது.

சாலையில் ஆள் இல்லை. குறுக்கே கிடந்த அயினி மரத்தின் இலை வாடாமல் இருந்தது. ஒரு வீட்டின் முற்றத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பெண் என்னைக் கண்டதும் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். கதவிடுக்கில் கண் மட்டும் தெரிந்தது. இரண்டாயிரம் காலடிக்கு ஒரு மைல் என்று எண்ணிக்கொண்டே நடந்தேன். எண்ணிக்கை நடுவில் தவறிவிட்டது. எவ்வளவு நடந்தும் அதே தென்னை, அதே மதில், அதே கறுத்த கல் திரும்ப வருவதாகப் பட்டது. தூரத்தில் கோயில் மணி அடித்து ஓய்ந்தது. எங்கள் சபைக் கோயில் மணியா என்று தெரியவில்லை.

வீட்டுக்குப் போனபோது அடக்கம் முடிந்து ஆட்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். என்னைத் தெரிந்தவர்கள்கூட தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. பக்கத்து வீட்டு ராஜம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, நான் இல்லாத திசையைப் பார்த்தபடி, "உள்ள போ" என்று மட்டும் சொன்னாள். அக்கா என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டாள்.

"சத்தம் போடாதே மக்கா. சத்தம் போட்டா ஒரு உயிரு போவும்."

அறையில் எல்லாம் பழையபடி இருந்தது. ஒன்று மட்டும் குறைந்தது. சிங்கப்பூரில் எடுத்து அனுப்பிய என் படம் மாட்டியிருந்த இடத்தில் வெளிறிய சதுரம்தான் இருந்தது. சுவர்க் கடிகாரம் ஆறு பத்து காட்டியது. என் கைக்கடிகாரத்தில் நாலு பத்து.

"அது உனக்க நேரம் ஆக்கும்" என்றாள் அக்கா. "இப்பம் அவன் ஆபீசுல இருப்பான், இப்பம் சோறு திம்பான்னு பாக்கதுக்கு, அப்பா ரெண்டு மணிக்கூர் முந்தி ஓட வச்சிருந்தாரு."

கட்டில் காலடியில் ஒருவன் உட்கார்ந்திருந்தான். இருபத்தைந்து வயது இருக்கும். என் பழைய சட்டை போட்டிருந்தான். என்னைக் கண்டதும் எழுந்து, கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றான்.

அக்கா தாழ்ந்த குரலில் சொன்னாள். அவன் பெயர் செல்லப்பன், சந்தையில் தையல்கடை வைத்திருக்கிறான். என்னை அழைத்துவர என் தந்தியைக் கொடுத்து அவனைத்தான் திருவனந்தபுரத்துக்கு அனுப்பியிருக்கிறாள். என் விமானம் வரவில்லை. அவன் இங்கே இல்லாத நேரத்தில் போலீஸ் அவன் கடையைச் சோதனை போட்டிருக்கிறது. மரம் வெட்டிப் போட்டதும் மைல்கல்லுக்குத் தார் பூசியதும் அவன் கூட்டம்தான் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அது பொய்யும் இல்லை. திரும்பும் வழியில் நெய்யாற்றின்கரையில் சங்கதி தெரிந்து, அமரவிளையில் பெயர் கேட்டபோது, அவன் கையில் இருந்தது என் தந்தி ஒன்றுதான்.

"நான் மகன்னு சொல்லல அண்ணே" என்றான் செல்லப்பன். "தந்தியக் காட்டினேன். அவரே மகனான்னு கேட்டாரு. தலைய ஆட்டிட்டேன். அப்பன் சாகக் கெடக்காரு, நடந்தா எத்தாது, ஏறுன்னு சைக்கிள்ல வச்சுக் கொண்டாந்து விட்டுட்டாரு. அவரு வாசல்ல நிக்காரு. அக்கா என்ன செய்யும்? மகன் வந்தாச்சு அப்பான்னு சொல்லிட்டுது."

எனக்கு அவனை அடித்து நொறுக்கவேண்டும் போலிருந்தது. எங்கள் சபையில் பெட்டியை மூடுமுன் மூத்த மகன் அப்பாவின் முகத்தில் வெள்ளைத் துணி போடவேண்டும். அதற்குமேல் முகத்தை யாரும் பார்க்கக்கூடாது. அதையும் இவன்தான் போட்டிருக்கிறான், ஏனென்றால் அடக்கத்துக்கும் அந்தக் கண்ணாடிக்காரர் வந்து தலையில் கைக்குட்டை போட்டுக்கொண்டு நின்றாராம். இரண்டாயிரத்து நூற்றுத் தொண்ணூற்று மூன்று மைல் நான் வந்தது அந்த ஒரு துணிக்காகத்தான்.

"அவர் எழுதின கல்லில் தார் பூசின கையால் அவர் கையைப் பிடித்தாயா?" என்று கேட்டேன்.

செல்லப்பன் அழுதான். "அவருக்குத் தெரியும் அண்ணே" என்றான்.

"என்ன தெரியும்?"

"எனக்கக் கையப் பிடிச்சு மோந்து பாத்தாரு. தார் மணம் போவல்ல. அப்புறம் கேட்டாரு, எத்தன மணிக்கூர் பறந்தே மக்கான்னு. எனக்கு என்ன தெரியும்? ஒரு அஞ்சு மணிக்கூர் இருக்கும் அப்பான்னேன். சிரிச்சாரு. பெறகு, வாசல்ல நிக்க போலீசுகாரருக்குக் கேக்கும்படிக்கு நல்ல சத்தமா, எனக்க மகனுக்குக் களைப்பாக்கும், கணக்கு தெத்திப் போச்சு, ஒம்பது மணிக்கூர் அம்பத்தஞ்சு மினிட்டு, யாரு கேட்டாலும் மறந்து போவாதே மக்கான்னு சொன்னாரு. மூணு தடவ என்னையும் சொல்ல வச்சாரு. அதுக்குப் பெறகு ஒண்ணும் பேசல்ல."

நான் கட்டிலில் உட்கார்ந்தேன். அழுகை அப்போதுதான் வந்தது. நான் வரவில்லை என்று தெரிந்தேதான் அப்பா போயிருக்கிறார். அந்த வருத்தம் என்னை விட்டு இன்னும் போகவில்லை. ஆனால் கடைசி மூச்சிலும் அவர் ஒருவனுக்குச் சரியான எண்ணை எழுதிக்கொடுத்துவிட்டுத்தான் போனார்.

அமரவிளையில் பாஸ்போர்ட்டைத் தூக்கிப் போட்டு நான் கத்தியது அப்போது ஞாபகம் வந்தது. சொன்னதும் அக்கா முகம் வெளுத்துவிட்டது. செல்லப்பன் ஓடப் பார்த்தான். "எங்கே ஓடுவே? ரெண்டு பக்கமும் போலீஸ் உண்டு" என்று அக்கா அவனை உட்கார வைத்தாள். அன்று எங்களில் யாரும் சாப்பிடவில்லை.

வியாழக்கிழமை காலை சைக்கிள் மணி கேட்டது. கண்ணாடிக்காரர் ஐம்பது வயது மனிதர். ஒரு பக்கக் காதுக் கம்பிக்குப் பதிலாகக் கண்ணாடியில் நூல் கட்டியிருந்தார். நீள நோட்டு அவர் கக்கத்தில் இருந்தது. என்னையும் செல்லப்பனையும் மாறி மாறிப் பார்த்தார். சுவரின் வெளிறிய சதுரத்தையும் பார்த்தார் என்றே நினைக்கிறேன்.

"நோட்டில் ஒரு வீட்டுக்கு ஒரு மகன் இரண்டு முறை வந்திருக்கிறான்" என்றார் மலையாளத்தில். "மேலதிகாரி கேட்டால் நான் என்ன சொல்ல? முதல் ஆளைக் கொண்டுவந்து விட்டது நான். எழுதுவதற்கு எனக்கு ஏதாவது வேண்டும்."

பாஸ்போர்ட் என் சட்டைப்பையில் இருந்தது. ஒரே வார்த்தை சொன்னால் போதும், நான் மறுபடி மகன் ஆகிவிடுவேன்.

"நாங்கள் இரண்டு பேர் சார்" என்றேன். "இரண்டு பேருக்கும் சிங்கப்பூர்தான். ஒரே விமானத்தில் இடம் கிடைக்கவில்லை. இவர் முந்தின விமானத்தில் வந்தார், நான் பிந்தினதில். நேற்று நான் துக்கத்தில் ஏதோ உளறிவிட்டேன்."

"செவ்வாய்க்கிழமை விமானம் உண்டா?"

"உண்டு சார். பகல் பதினொன்றுக்கு." என் வாழ்க்கையில் நான் சொன்ன ஒரே பொய்யான விமான நேரம் அது. குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை.

அவர் செல்லப்பன் பக்கம் திரும்பினார். "அங்கிருந்து இங்கே வர எவ்வளவு நேரம்?"

"ஒம்பது மணிக்கூர் அம்பத்தஞ்சு மினிட்டு" என்றான் செல்லப்பன்.

கண்ணாடிக்காரர் என்னைப் பார்த்தார். "ஒன்பது மணி ஐம்பத்தைந்து நிமிடம்" என்றேன் நானும். அவர் அதை நிதானமாக எழுதிக்கொண்டார். எழுதி முடித்தும் நோட்டை மூடவில்லை.

"இன்னொன்று. முகத்தில் துணி போடுவது மூத்த மகன் என்று நேற்று உங்கள் போதகர் சொன்னார். அதை இவர் போட்டதை நான் என் கண்ணால் பார்த்தேன்." என் காதோரத்து நரையையும் செல்லப்பனின் அரும்பு மீசையையும் பார்த்தார். "உங்களில் மூத்தவர் யார்?"

அக்கா சுவரோடு ஒட்டி நின்றாள். அப்பாவின் கடிகாரம் என் நேரத்துக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"அவர்தான் சார்" என்றேன். "அவர்தான் எனக்கு அண்ணன்."

கண்ணாடிக்காரர் பென்சில் முனையை நாக்கில் தொட்டுக்கொண்டார். பிறகு அப்படியே எழுதி, நோட்டை மூடி, அப்பாவின் கட்டிலைப் பார்த்து ஒருமுறை தலையைத் தாழ்த்திவிட்டுச் சைக்கிளை எடுத்தார். சைக்கிள் வேலிக்கு வெளியே போகிறவரை நாங்கள் மூச்சு விடவில்லை.

அக்கா மரச்சீனி வேகவைத்து இரண்டு தட்டில் கொண்டுவந்தாள். செல்லப்பன் தட்டைத் தொடாமல் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"உட்காருங்க அண்ணே" என்றேன். அவர் உட்காரும்வரை நான் நின்றேன்.